பனையேறிக்கு மைதா

அனுமந்தன்பட்டியில் இஞ்ஞாசிமுத்து வாத்தியாரிடம் யாரும் மீனைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அன்றைய வேலை கெட்டது. பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். முக்கோணமோ வட்டமோ, எதையும் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆனால் எந்த மீனுக்கு எந்த இரை, அதை முள்ளில் எப்படிக் கோக்க வேண்டும், எந்த ஆழத்தில் தொங்கவிட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். சனி ஞாயிறு என்றால் ஆளைக் கண்மாய்க் கரையில்தான் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட மனிதர், அந்தக் கார்த்திகை மாதம் மூன்று நாள், தூண்டிலையே முதல் தடவை தொட்டவர் மாதிரி நடந்துகொண்டார். அதற்குக் காரணம் மீன் இல்லை, மகள்.

மகள் இவாஞ்சலின் மலைக்கு மேலே, கேரளத்துக் கட்டப்பனையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அதே ஆஸ்பத்திரியில் லேப்பில் வேலை பார்க்கும் ஜோபி என்ற மலையாளப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆகஸ்டில் வந்து சொன்னாள். வாத்தியார் "பாப்போம்" என்றார். அதற்கு, குறை ஒன்று கண்டுபிடிக்கும்வரை பொறு என்று அர்த்தம்.

மூன்று மாதம் விசாரித்தார். பையன் வேதக்காரன், ஞாயிறு பூசை தவறாதவன். குடி கிடையாது. சொந்த வீடு, இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். தமிழும் நன்றாகப் பேசினான். போனில் அவரை 'மாமா' என்று வேறு கூப்பிட்டான். "இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள என்ன மாமா?" என்று அதைக் குறையாகப் பிடித்துப் பார்த்தார். மனைவி பிலோமினா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால் குறை பையனிடம் இல்லை. இப்போது மகள் மாதம் இரண்டு தடவை வருகிறாள். பஸ் இறங்கியதும் "அப்பா, பசிக்குது" என்கிறாள். கல்யாணம் ஆகிவிட்டால் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை. அதை வாத்தியாரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைப் போய் வெளியே சொல்ல முடியுமா? ஐம்பத்தாறு வயது ஆம்பளை. ஆகவே குறை தேடிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இவாஞ்சலின் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம அவுக அப்பா அம்மா வர்றாக. அன்னைக்கே பேசி முடிச்சிரலாம்னு சொன்னாக."

"வரட்டும். நாட்டுக்கோழி அடிச்சிருவோம்."

"கோழியெல்லாம் வேணாமாம்ப்பா. அவுக அப்பாவுக்குக் கரட்டின்னா உசுரு. நம்ம பக்கம் நெறையாக் கெடைக்கும்ல? அதக் கொழம்பு வச்சாப் போதும்னாக."

"எது?"

"கரட்டிப்பா. டூட்டிக்குக் கூப்புடுறாக, வச்சிர்றேன்."

வாத்தியார் போனைப் பார்த்தபடி நின்றார். வேலியில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டுமே ஓணான், அதற்கு அந்தப் பக்கத்தில் கரட்டான் என்று பெயர். பொடியன்கள் கரட்டாண்டி என்பார்கள். வேறு கரட்டி எதுவும் அவர் கேள்விப்பட்டதில்லை.

"பிலோமினா, இங்கன வா. வர்ற சம்பந்தி ஓணான் திம்பாராம். அதுல கொழம்பு வைக்கணுமாம்."

பிலோமினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! தோலோடவா, உரிச்சா?" என்று கேட்டாள். பிறகு, "ஒங்க காதுல ஏதோ கோளாறு. திரும்பப் போன் போட்டுக் கேளுங்க" என்றாள்.

அதற்கு வாத்தியார் சம்மதிக்கவில்லை. போன மாதம் அவர் கப்பைக் கிழங்கைப் பற்றி ஏதோ கேலி பேசப்போய், மகள் இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள். இனிமேல் அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சமாதானம் ஆனாள். "சத்தியத்த மீறச் சொல்றியா?" என்று மனைவியை மடக்கினார். சத்தியத்துக்கு அவர் கொடுத்த மரியாதையைப் பார்த்துப் பிலோமினாவுக்கே சந்தேகம் வந்தது.

அன்று இரவு ஆறு தோசை சாப்பிட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார். குறை கிடைத்துவிட்டது! அதுவும் சின்னக் குறையா? ஓணான் தின்னும் குடும்பம் என்று சொன்னால் பங்குச் சாமியாரே எழுந்து நின்று வேண்டாம் என்பார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கம்பத்துக்கு பஸ் ஏறினார். நல்ல செய்தியை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் சுருளிவேல் டீ குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர், வாத்தியாருக்குப் பழைய சிநேகிதர்.

"நீங்களே சொல்லுங்க சுருளி. கரட்டி திங்கிற வீட்டுல புள்ளயக் குடுக்கலாமா?"

"தாராளமாக் குடுக்கலாமே."

"என்னய்யா சொல்றீக? கரட்டான்யா! ஓணான்!"

சுருளிவேலுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாத்தியாரே, மலையாளத்துல கரட்டின்னா மீனு. நம்ம பனையேறி! தண்ணிய விட்டு வெளிய வந்து நடக்குமே, அது. நம்மாளுக முள்ளுன்னு தூக்கி எறிவாக. அங்கிட்டு அதுக்குச் சண்டையே நடக்கும். ஒங்களுக்கு என்ன, தூண்டியக் கையில எடுத்தா ஒரு சட்டி வந்துரும். கல்யாணம் முடிஞ்சதுன்னு வச்சுக்கங்க!"

பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்களும் வாத்தியாருக்குக் கை கொடுத்தார்கள். அவருடைய டீ அப்படியே ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பிலோமினாவுக்கு உயிர் வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவே புடிச்சுத் தர்றாராம்டி" என்று அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். பத்தே நிமிடத்தில் கட்டப்பனையிலிருந்து சம்பந்தி வர்க்கியே கூப்பிட்டார். "சாரே, நிங்ஙள் தன்னெ பிடிக்குமோ? வளரெ சந்தோஷம்!" நீங்களே பிடிக்கப் போகிறீர்களா என்று அந்த மனிதர் உருகியதில் வாத்தியாருக்கு "ஆமாமா" என்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது.

மீன்கடையில் வாங்கவும் வழியில்லை. ஜிலேபிக் கெண்டையும் கட்லாவும்தான் கிடைக்கும், பனையேறியை யாரும் விற்பதில்லை. ஆக, வாத்தியார் தூண்டிலில் மீன் வந்தால் சம்பந்தம், வராவிட்டால் பார்ப்போம். அப்படித்தான் அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டார். அவரை யாரும் அப்படி நினைக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சி.எல். போட்டார். பனையேறி பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது ஆழத்தில் இருக்காது. கரையோரம் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும் முழங்கால் தண்ணீரில் கிடக்கும். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். காலையிலும் சாயங்காலமும்தான் மேயும். மண்புழு என்றால் உயிரை விடும். இதையெல்லாம் வாத்தியாரே ஊருக்குப் பாடமாக நடத்தியிருக்கிறார்.

அப்படி நடத்தியவர் உச்சி வெயிலில் கிளம்பினார். மைதாவைக் கடலைப் புண்ணாக்கோடு பிசைந்து, அதில் ஏலக்காய்ப் பொடி தூவினார். "மலைக்காரவுகளுக்குப் புடிச்ச மீனு. ஏலக்காய் வாசத்துக்கு வரும்" என்று பிலோமினாவிடம் விளக்கம் வேறு. பெரிய ஈயக்குண்டாகக் கட்டி, மடைக்கு நேராக நடுத் தண்ணீரில் வீசிவிட்டு உட்கார்ந்தார்.

கண்மாய்க் காவல் பார்க்கும் மலைச்சாமி சைக்கிளை நிறுத்தினார்.

"எதுக்கு வாத்தியாரே போட்டிருக்கீக?"

"பனையேறிக்கு."

"என்ன எர?"

"மைதா."

"பனையேறிக்கு மைதா? நடுத் தண்ணியில?"

"ஆமா. அதுக்கென்ன?"

மலைச்சாமி வாத்தியாரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நினைத்தார். வயசுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டார். "வெயில் ரொம்ப அடிக்குது, தொப்பி போட்டுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஐந்து ஜிலேபி வந்தது. வாத்தியார் திருப்தியாக வீட்டுக்கு வந்து, "நேரம் சரியில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை இன்னொரு சி.எல். போட்டுவிட்டுக் கோழிக்குடலுக்கு மாறினார். விரால் பிடிக்கும் பெரிய முள்ளில் அதைச் சுற்றினார். அந்த முள் பனையேறியின் வாய்க்குள் நுழையவே நுழையாது. அது வாத்தியாருக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும் என்பது முள்ளுக்குக்கூடத் தெரியும். காலையில் ஒரு நண்டு தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. மத்தியானம் ஒரு ஆமை வந்து, குடலைத் தின்றுவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. இரவு சாப்பிடும்போது காற்றழுத்தம், கலங்கல், தண்ணீரின் சூடு என்று யூடியூபில் கேட்ட காரணங்களை வரிசையாக அடுக்கினார். பிலோமினா ரசம் ஊற்றினாள்.

மகள் போனில் கேட்டாள்: "எத்தனப்பா கெடச்சுச்சு?"

"நாளைக்கு வரும் ஆத்தா."

"ஒங்களுக்கா வராது? ஜோபிட்ட நான் சொல்லிட்டேன், எங்கப்பா தூண்டி போட்டா வராத மீனே இல்லன்னு."

வாத்தியார் போனைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிலோமினா தூக்குவாளியோடு தானே கண்மாய்க்கு வந்தாள். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவள் அங்கே வந்தது இரண்டாவது தடவை. வந்தவள் சோற்றை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தூண்டில் நரம்பைக் கையால் இழுத்து வெளியே எடுத்தாள். முள்ளில் பழையபடி மைதா உருண்டை. ஏலக்காய் மணத்தது.

"பனையேறி எங்கங்க கெடக்கும்?"

வாத்தியார் தூக்குவாளியின் மூடியைத் திருகினார்.

"கரையோரம், தாமரைக்குள்ள. என்ன திங்கும்? மண்புழு. எப்ப கடிக்கும்? பொழுது சாய. ஈயம் கட்டலாமா? கூடாது. நான் தூண்டியத் தொட்டதுகூட இல்ல. ஒங்க வாயால கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் காது தேஞ்சு போச்சு. எனக்கே தெரியுது, ஒங்களுக்குத் தெரியாதா?" அவள் மைதாவைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தாள். "மீனு வரக் கூடாதுன்னுதானே மூணு நாளா இங்கன வந்து உக்காந்திருக்கீக?"

தண்ணீரில் கரையும் மைதாவை வாத்தியார் பார்த்தார்.

"அவ போயிட்டா வீட்டுல என்ன இருக்கு பிலோமி?" என்றார்.

"நான் இருக்கேன்ல? என்னையப் பாத்தா மனுசியாத் தெரியலையா?" என்று எரிந்து விழுந்தாள் பிலோமினா. பிறகு அவளுக்கும் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் அவள அனுப்ப ஆசையா? நீங்க மைதா போட்டா கல்யாணம் நின்னுரும்னு நெனைக்கிறீகளா? கல்யாணம் நிக்காது. வர்ற மனுசனுக்கு வாய்க்கு ருசியா ஒரு வாய்ச் சோறு கெடைக்காது, அம்புட்டுத்தான். நம்ம புள்ளதான் அவுக முன்னால தலையக் குனிஞ்சு நிப்பா. சோறு ஆறுது. தின்னுட்டு யோசிங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். வாத்தியார் சோற்றைத் தின்றார். வெட்கமாக இருந்தது. தன் மகளைத் தானே தலைகுனிய வைக்கப் பார்த்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். பனையேறிக்கு மைதா போட்டதை மலைச்சாமி பார்த்துவிட்டாரே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று கேட்டால் உடனே சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று மணிக்கு எழுந்து வாழைத் தோட்டத்துக்குப் போனார். வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணைக் கிளறி, தடித்த புழுக்களை விட்டுவிட்டு, மெல்லிசாகத் துடிக்கிறவற்றை மட்டும் பொறுக்கினார். ஈயத்தைக் கழற்றி எறிந்தார். பொடி முள்ளாகக் கட்டினார். சோளத்தட்டை நெட்டியில் சின்னத் தக்கை ஒன்று நறுக்கி, முள்ளுக்கு மேலே ஒரு சாண் விட்டுச் செருகினார். புழுவை முழுசாகக் கோக்கவில்லை. பாதியைக் கோத்து, வால் பாதியைத் துடிக்கும்படி தொங்கவிட்டார். அந்தத் துடிப்புதான் மீனைக் கூப்பிடும்.

பிறகு தாமரை இலைகளுக்கு நடுவே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குந்தினார். 'ப்ளுக்' என்று ஒரு சத்தம், ஒரு குமிழி. பனையேறி காற்றுக் குடிக்க வந்துவிட்டுப் போகிறது. அந்தக் குமிழிக்கு அரை அடி தள்ளி, இலை விழுகிற மாதிரி சத்தமில்லாமல் புழுவை இறக்கினார். இறக்கி, லேசாகத் தூக்கி, மறுபடி இறக்கினார். மீன் ஒரு தடவை கொத்தியது, தக்கை ஆடியது. இரண்டு தடவை கொத்தியது. அவசரக்காரன் இந்த இடத்தில்தான் இழுத்துக் கெடுப்பான். வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தக்கை பக்கவாட்டில் நழுவி இலைக்கு அடியில் ஓடியதும் மணிக்கட்டால் ஒரு சுண்டு.

கை அகலத்துக்குக் கரும்பச்சையாக ஒரு பனையேறி, துடுப்பையும் செவுளையும் விரித்துக்கொண்டு கரையில் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு மனிதருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மகள் இல்லை, மலை இல்லை, சம்பந்தி இல்லை. ஒன்று, இரண்டு, நான்கு. ஒரே இடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்காமல் இடம் மாறினார். புழு நைந்ததும் மாற்றினார். மலைச்சாமி மறுபடி சைக்கிளை நிறுத்தியபோது, "சும்மா நிக்காதய்யா, நெழல் விழுது!" என்று அதட்டினார். மலைச்சாமிக்குச் சந்தோஷம். வாத்தியாருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

பொழுது சாய்வதற்குள் பதினொன்று. வாளியைத் தூக்கி, பெருமையாக உள்ளே பார்த்தார். பார்த்தபோதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. வாளி கனத்தது.

வீட்டில் இவாஞ்சலின் வந்திருந்தாள். வாளியைப் பார்த்ததும் குதித்தாள். படம் எடுத்து மலைக்கு அனுப்பினாள். பிலோமினா மீன்களைப் பின்வாசலில் அண்டாத் தண்ணீரில் உயிரோடு விட்டு, சுளகால் மூடினாள். வாத்தியார் தட்டில் இரண்டு முட்டை கூடுதலாக வைத்தாள்.

ராத்திரி நல்ல மழை பெய்தது. விடியற்காலை முதல் பூசைக்குக் கிளம்ப வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாத்தியார் பின்வாசல் கதவைத் திறந்தார். சுளகு ஒரு பக்கம் கிடந்தது. அண்டாவில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஈரச் சிமெண்டுத் தரையில் பதினொரு பனையேறிகளும் நடந்து போய்க்கொண்டிருந்தன. செவுளை விரித்து ஊன்றி, வாலால் உந்தி, கொஞ்சம் நின்று, மறுபடி ஊன்றி, பின்பக்க இரும்புக் கேட்டுக்கு அடியில் இருந்த இடைவெளியைப் பார்த்துப் போயின. கேட்டுக்கு வெளியே மழைத்தண்ணீர் ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. அது நேராகக் கண்மாய்க்குப் போகும்.

வாத்தியார் வாசற்படியிலேயே நின்றார். வீட்டில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. இதற்கு அவர் மைதா பிசையவில்லை, பொய் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பூசைக்குப் போனால் போதும். திரும்பி வந்து, ஐயையோ என்றால் போதும். மீன் போனால் மகள் இருப்பாள். மீனைப் பிடித்தால் மகள் போவாள். கோயில் மணி அடித்தது. முதல் மீன் கேட்டுக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டது.

வர்க்கி பஸ்ஸை விட்டு இறங்கி, "சாரே, கரட்டி எவிடே?" என்று சிரித்த முகமாகக் கேட்கப் போவதை நினைத்தார். அப்போது தன் மகள் என்ன முகத்தோடு நிற்பாள் என்று நினைத்தார். எங்கப்பா தூண்டி போட்டா வராத மீனே இல்லை.

"ஏலே, நில்லுங்கலே!" என்று கத்திக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

தூண்டிலில் மாட்டினால் ஒழுங்காக வரும் மீன் வெறுங்கைக்கு அப்படி வராது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று வழுக்கியது. செவுள் முள்ளும் முதுகு முள்ளும் விரலைக் கிழித்தன. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கி அண்டாவில் போட்டார். சத்தம் கேட்டு இவாஞ்சலின் ஓடி வந்து, துடைப்பத்தை வைத்துக் கேட்டை மறித்தாள். அவளும் நான்கைந்தைப் பிடித்தாள். கடைசி மீன் அதற்குள் ஓடையில் இறங்கிவிட்டது. வாத்தியார் பூசை வேட்டியோடு ஓடைக்குள் பாய்ந்து, சேற்றில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அள்ளி மேலே எடுத்தார்.

"விடுங்கப்பா, பத்து போதும்" என்றாள் இவாஞ்சலின்.

"போதாது. அந்த மனுசன் ஆசையாக் கேட்டிருக்காரு. கொறைவாப் போட்டா நாளைக்கு ஒன்னையத்தான் சொல்லுவாக."

மீனை வாங்கிக்கொண்டவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சேறு, ரத்தம், அதற்கு நடுவே கண்ணீர்.

"முள்ளு குத்திருச்சாப்பா? ரொம்ப வலிக்குதா?"

"முள்ளு குத்துச்சு ஆத்தா. அதுக்கில்ல" என்றார். ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே, மூன்று மாதமாகச் சொல்லாததைச் சொன்னார். "நீ போறியேன்னுதான் அழுகுறேன்."

இவாஞ்சலின் மீனோடு அப்படியே ஓடைக் கரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து பிலோமினா, "பூசைக்கு நேரமாச்சு! காலங்காத்தால அங்கன என்ன ஒப்பாரி?" என்று கத்தினாள். வாத்தியார் எழுந்து, மகள் கையிலிருந்து மீனை வாங்கி, அண்டாவில் போட்டு, சுளகால் மூடி, மேலே அம்மிக் கல்லைத் தூக்கி வைத்தார்.